குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: எந்தப் பாகத்தை முதலில் தேர்வு செய்வது?

"கம்மி பட்ஜெட்ல ஒரு கேமிங் பிசி போடணும்ணே" என்று கடையில் போய் நின்றால், திரும்பி வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பதாகத்தான் இருக்கும். ப்ராசஸரில் தொடங்கும் பேச்சு, பணம் தீர்ந்துபோகும் இடத்தில்தான் கிராபிக்ஸ் கார்டைத் தொடும். கையில் மிஞ்சிய நாலாயிரம், ஐயாயிரத்துக்கு ஒரு ஜிடி 730 செருகப்படும். வீட்டுக்கு வந்து புதிய கேம் ஒன்றைத் திறந்தால் படம் விட்டுவிட்டு நகரும். 2014-இல் வந்த அந்தக் கார்டு, மானிட்டரில் படம் தெரிய வைக்கப் போதும். இன்றைய கேம்களை ஓட்டும் வலு அதற்குக் கிடையாது.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். என்ன கேம், எந்த மானிட்டர் என்பது முதலில். அதை வைத்து கிராபிக்ஸ் கார்டு. கார்டுக்கு ஈடுகொடுக்கும் ப்ராசஸர். அந்த ப்ராசஸர் ஏற்கும் மதர்போர்டும் ரேமும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்துத் தாங்கும் எஸ்எம்பிஎஸ். கேபினெட், ஃபேன், விளக்கு அலங்காரம் எல்லாம் கடைசி. ஏன் இந்த வரிசை என்பது புரிந்துவிட்டால், விலைப்பட்டியல் மாதாமாதம் மாறினாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு பேர் உழைப்பு

டைலர் கடையில் ஒருவர் துணியை அளந்து வெட்டுகிறார், அடுத்தவர் தைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுபவர் ப்ராசஸர். யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எந்தப் பொருளை வரைய வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைத் தருவது அதன் வேலை. தைப்பவர் கிராபிக்ஸ் கார்டு. அந்தப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கண்டுபிடித்துப் படமாக்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை சட்டை வெளியே வரும் என்பதை இருவரில் மெதுவானவர்தான் முடிவு செய்கிறார். இதைத்தான் பாட்டில்நெக் என்கிறார்கள்.

திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஃப்ரேம் வேண்டுமென்றால் 6.9 மில்லி விநாடிதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மானிட்டரின் ரெசல்யூஷன், அதாவது பிக்சல் எண்ணிக்கை, கூடும்போது தைப்பவரின் சுமைதான் கூடுகிறது, வெட்டுபவருக்கு அதே வேலைதான். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். ஒரே கேமை 1440பி-க்கு மாற்றினால் கார்டு முக்கால் மடங்குக்கும் மேல் கூடுதலாக உழைக்க வேண்டும்.

அதனால்தான் மானிட்டரை முதலில் தீர்மானிக்கச் சொல்கிறோம். குறைந்த பட்ஜெட்டுக்கு 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் பேனல், 100 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை உள்ள மானிட்டர் சரியாக இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 150 ஃப்ரேம் தரும் கார்டு வாங்கினால், அந்தக் கூடுதல் ஃப்ரேம்கள் உங்கள் கண்ணுக்கு முழுப் படமாக வந்து சேராது. 4கே டிவியில் மாட்டி ஆடலாம் என்ற யோசனை இருந்தால் இந்த பட்ஜெட்டில் அதை விட்டுவிடுங்கள். அல்லது டிவியிலும் 1080பி-இலேயே ஆடுங்கள்.

கேமும் இதே அளவு முக்கியம். வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களில் சுமை பெரும்பாலும் ப்ராசஸர் மேல் விழும். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்ற கதை கேம்கள் கார்டைப் பிழிந்தெடுக்கும். ப்ளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டரில் மொபைல் கேம் ஆடுவதுதான் நோக்கமென்றால் ப்ராசஸரும் ரேமும்தான் முக்கியம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கிவிடவும் வேண்டும், இல்லையென்றால் எமுலேட்டர் திணறும்.

பணத்தைப் பங்கிடுவது

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தவிர்த்து 60,000 ரூபாய் இருக்கிறதென்று வைத்துக்கொண்டு இப்படிப் பிரிக்கலாம்: கார்டுக்கு 22,000 முதல் 24,000, ப்ராசஸருக்கு 10,000, மதர்போர்டுக்கு 8,000, ரேமுக்கு 7,000, கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு 5,000, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,000, மிச்சம் கேபினெட்டுக்கு. இவை சந்தை விலை அல்ல, ஒவ்வொன்றுக்கும் நாம் ஒதுக்கும் வரம்பு. 2025-இன் இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அதுபோன்ற நேரத்தில் ரேமுக்குக் கூடுதலாகப் போகும் பணத்தை மதர்போர்டிலும் கேபினெட்டிலும் குறைத்துக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கார்டுக்கு மொத்தத்தில் 35 முதல் 40 சதவீதம் போக வேண்டும் என்பது இந்த விலை மட்டத்துக்குப் பொருந்தும். நல்ல கார்டின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ப்ராசஸரை வாங்கி, வாலரண்ட், ஜிடிஏ 5 அளவில் ஆடிக்கொண்டிருக்கலாம். ஐயாயிரம் ரூபாய் கார்டைவிட இது எவ்வளவோ மேல்.

கிராபிக்ஸ் கார்டு

1080பி விளையாட்டுக்கு இன்று 8 ஜிபி விரேம் குறைந்தபட்சம். விரேம் என்பது கார்டிலேயே இருக்கும் நினைவகம். சுவரின் சுண்ணாம்பு, முகத்தின் சுருக்கம், புல் என எல்லா டெக்ஸ்சர்களும் அங்கேதான் வந்து உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் கார்டு ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போய் எடுத்துவர வேண்டியிருக்கும். சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் அரை நொடி உறைந்து நிற்கும். 4 ஜிபி கார்டுகளில் புதிய கேம்கள் இப்படித்தான் ஆகின்றன.

பெயர்களுக்கு வருவோம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட். 2021-இல் வந்தது என்றாலும் சரியான விலைக்குக் கிடைத்தால் இன்னும் நல்ல தேர்வு. ஆர்எக்ஸ் 7600 அதைவிட வேகம், 165 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட்டில் ஓடுகிறது, டிஎல்எஸ்எஸ் வசதியும் (கீழே பார்ப்போம்) உண்டு. இன்டெலின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி விரேம் இருக்கிறது. ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற, விரேம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதியை இயக்காவிட்டால் அதன் வேகம் படுத்துவிடும். மெதுவான ப்ராசஸரோடு சேரும்போது சில கேம்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தரும். பழைய மதர்போர்டில் செருகுவதற்காக வாங்குபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்பது இந்தத் துறையின் மோசமான பழக்கம். ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டால் 8 ஜிபி கார்டும் வரும், 6 ஜிபி கார்டும் வரும். 6 ஜிபி வகை விரேமில் மட்டும் குறைந்ததல்ல, உள்ளே இருக்கும் சிப்பும் சிறியது, நினைவகப் பாதையும் குறுகலானது. அதற்கான இடம் வேறு. 70 வாட்டில், தனி மின்கேபிள் எதுவும் இல்லாமல், மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், எஸ்எம்பிஎஸ் மாற்ற முடியாத பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது பொருத்தம். புதிதாக பிசி போடுபவர் அதை வாங்கக் கூடாது.

ஆர்எக்ஸ் 580 விஷயமும் அப்படியே. அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஸ்ட்ரீம் ப்ராசஸர்கள், அதாவது கார்டுக்குள் இருக்கும் சிறு கணக்கு அலகுகள். மலிவாகக் குவிந்து கிடக்கும் "2048எஸ்பி" வகையில் அவை 2048 தான், பெயரில் மட்டும் 580. இவற்றில் பல கிரிப்டோ மைனிங்கில் உழைத்துத் தேய்ந்து, துடைத்துப் புதுப் பெட்டியில் வந்தவை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு வேறொரு குறை. 4 ஜிபி விரேம், மதர்போர்டோடு பேச 4 லேன் (தரவுப் பாதை) மட்டும். கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ, அதன் பின்னால் வரும் எண் தலைமுறை. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள மதர்போர்டில் அதைப் போட்டால் அந்தப் பாதையும் பாதியாகக் குறுகி, வேகம் கண்கூடாக இறங்கும்.

பயன்படுத்திய கார்டு வாங்குவதில் தவறில்லை, ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் கார்டின் உண்மையான சிப் எது என்று பாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று காட்டவைத்து விற்கும் மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. பிறகு கனமான கேம் அல்லது சோதனை மென்பொருளை 20 நிமிடமாவது ஓட்டுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ தோன்றினால் நினைவகம் போய்க்கொண்டிருக்கிறது, எந்த விலைக்கும் வேண்டாம்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் பற்றி ஒரு வார்த்தை. இவை படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உத்திகள். 1080பி திரையில் "குவாலிட்டி" நிலை வைத்தால் கார்டு உள்ளுக்குள் 1280×720-இல்தான் வரைகிறது. கார்டு வயதாகும்போது உதவும் கைத்தடியாக இதை வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் காட்டும் ஃப்ரேம் எண்ணிக்கை இதையெல்லாம் போட்டு வந்ததா, போடாமல் வந்ததா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ப்ராசஸரும் மதர்போர்டும் ஒரே முடிவு

இரண்டையும் தனித்தனியாகத் தேர்வு செய்ய முடியாது. ப்ராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட், அது போர்டில் பொருந்த வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600: 6 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கும் வேலை), 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்), 65 வாட், பெட்டியிலேயே கூலர். இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப்: அதுவும் 6 கோர், 12 த்ரெட், எல்ஜிஏ1700 சாக்கெட். இந்த இரண்டில் அன்றைய விலைக்கு எது மதர்போர்டோடு சேர்த்து மலிவோ அதை எடுக்கலாம், மேலே சொன்ன கார்டுகளுக்கு இரண்டுமே போதும். இன்னும் கீழே போக வேண்டுமென்றால் ஐ3-12100எஃப், 4 கோர் 8 த்ரெட். இன்றைக்கு ஓடும், ஆனால் பின்னணியில் டிஸ்கார்டும் பிரவுசரும் திறந்து வைத்து ஆடுபவருக்கு இடிக்கும்.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெலில் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் இயக்கினால் திரை கருப்பாகவே இருக்கும். ரைசனில் "ஜி" இருந்தால் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் அதற்கு ஈடாக இழப்பது வேறு இடத்தில்: 5600ஜி-யின் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-இல் இருப்பதில் பாதி. பிசிஐஇ-யும் 3.0 மட்டுமே. உடனே கார்டு வாங்கப் போகிறவர் 5600ஜி எடுத்தால் பயன்படுத்தாத ஒன்றுக்காகக் கேம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறார். ரைசன் 5 5500-க்கும் கேஷ் 16 எம்பி, பிசிஐஇ 3.0 தான், உள்ளே கிராபிக்ஸும் இல்லை. பெயரில் 100 எண் வித்தியாசம் என்று ஏமாற வேண்டாம்.

5600-க்கு பி550 மதர்போர்டு நிம்மதியான தேர்வு. கார்டுக்கும் ஒரு எஸ்எஸ்டிக்கும் பிசிஐஇ 4.0 கிடைக்கும். ஏ520 மலிவு, பிசிஐஇ 3.0 மட்டும். 6600 போன்ற 8 லேன் கார்டில் அந்த இழப்பு சிறியது. பழைய ஸ்டாக் பி450 வாங்கினால் பயாஸ் பதிப்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரைசன் 5000 வருவதற்கு முன் பெட்டியில் அடைக்கப்பட்ட போர்டு புதிய ப்ராசஸரை அடையாளம் காணாது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், படம் வராது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டானால் பென்டிரைவை வைத்து நீங்களே சரிசெய்யலாம். இல்லையென்றால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்ல வேண்டும்.

புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போகலாமா? 2027-க்கும் அப்பால் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருப்பதால், நாலு வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு அது நல்லது. ஆனால் அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும், போர்டின் விலையும் கூடுதல். அந்த வித்தியாசத்தைக் கார்டிலிருந்து எடுக்க வேண்டிய நிலை வந்தால் ஏஎம்4-இலேயே இருங்கள்.

ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி வேண்டும், அதுவும் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக. டிடிஆர்4 3200 ரேம் ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவு கொடுக்கும். இரண்டு குச்சிகள் இரட்டைச் சேனலில் ஓடினால் 51.2 ஜிபி. உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ப்ராசஸருக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி, ஏனென்றால் அதற்கென்று தனி விரேம் கிடையாது. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் செருக வேண்டும். முதல் இரண்டு ஸ்லாட்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் ஒற்றைச் சேனலாகிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் பின் எண்ணிக்கை 288 தான் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது, ஒன்று மற்றதில் இறங்காது. எல்ஜிஏ1700 போர்டுகள் இரண்டு வகையிலும் விற்பதால் பில் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி எம்.2 வடிவில் (மதர்போர்டிலேயே செருகும் சிறு பட்டை), பிசிஐஇ வழியே பேசும் வேகமான என்விஎம்இ வகையாக இருக்கட்டும். எம்.2 வடிவிலேயே பழைய சாட்டா இணைப்பு வகையும் விற்கிறது, வேகம் நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேமுக்கு நொடிக்கு 3,500 எம்பி வேகமுள்ள பிசிஐஇ 3.0 எஸ்எஸ்டியே தாராளம், அதற்கு மேல் போகும் பணத்தைக் கொள்ளளவில் போடுங்கள். 500 ஜிபி விண்டோஸில் 465 என்றுதான் தெரியும். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் சாதாரணமாகிவிட்ட நிலையில், மூன்று கேமோடு நிறைந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். ப்ராசஸரும் கார்டும் அந்த வரிசையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். பெட்டியில் அச்சடித்த 450-க்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் 43 முதல் 45 ஆம்பியர் வரை, அதாவது அறிவித்த வாட்டில் பெரும்பகுதி இருக்கும்.

நம் கணக்கில் கார்டு 132, ப்ராசஸர் சுமார் 80, போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 50 என்று வைத்தால் 260 வாட் சொச்சம். கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும் பழக்கம் உள்ளது. அதையும் சேர்த்து, பெயர்பெற்ற நிறுவனத்தின் 450 வாட் போதும், 550 வாங்கினால் அடுத்த கார்டுக்கும் ஆகும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, உள்ளே வரும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக இருக்கின்றனவா என்பதைச் சொல்வதில்லை. ஆகவே முத்திரையோடு, ஐந்து வருட வாரண்டி தருகிறார்களா என்றும் பாருங்கள். தரமற்ற எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் சாகாது. மின்னழுத்தம் எகிறும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

நம் வீடுகளில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. முதலாவது எர்த். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று ஷாக் அடிக்கிறதென்றால் பெரும்பாலும் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்று எர்த்துக்குத் தள்ள வேண்டிய சிறு கசிவு, போக வழியின்றிக் கேபினெட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய வேலை இது, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதால் தீராது. இரண்டாவது மின்தடை. 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது பிசியும் மானிட்டரும் சேர்ந்து 300-ஐத் தாண்டி அந்த வரம்பை நெருங்குவதால், கரண்ட் போன நொடியே கத்திக்கொண்டு அணைந்துவிட வாய்ப்பு அதிகம். 1000 விஏ, 600 வாட் அளவில் வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் அதில் யூபிஎஸ் என்று குறித்த நிலைக்கு ஸ்விட்சை மாற்றிவையுங்கள். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

கேபினெட்டும் வெயிலும்

கூலர், பாகத்தின் சூட்டை அறையின் காற்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவே. 25 டிகிரி ஏசி அறையில் 70 டிகிரி காட்டும் ப்ராசஸர், சித்திரை மாதத்து 38 டிகிரி அறையில் 83-ஐத் தொடும். வெளிநாட்டு யூட்யூப் சோதனைகளில் காட்டும் வெப்ப எண்களோடு இந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் அழகாக இருக்கும், ஆனால் முன்னால் மாட்டிய மூன்று ஃபேனும் இழுக்கக் காற்று இருக்காது. முன்பக்கம் வலைபோட்டது, தூசி வடிகட்டி கழற்றக்கூடியது, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. இது போதும்.

விலைப்பட்டியலில் வரும் பொறிகள்

"ஐ7, 16 ஜிபி, ஆர்ஜிபி ஃபேன், வெறும் 18,000" என்று வரும் விளம்பரங்களில் எந்தத் தலைமுறை ஐ7 என்பது சொல்லப்பட்டிருக்காது. பல நேரம் அது 2012-இல் வந்த ஐ7-3770. அதில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, அதைக் கேட்கும் புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவும் இல்லை, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும், அவ்வளவு பழைய போர்டுகளில் டிபிஎம் 2.0 கிடையாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கும்போது, சொல்லும் விலை 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட்டதா என்று முதலிலேயே கேளுங்கள். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருந்தால்தான் இரண்டு வருடம் கழித்துக் கார்டு நின்றுபோகும்போது வாரண்டி கேட்க முடியும். எல்ஜிஏ1700 போர்டு வாங்கினால் கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து பின்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது, யார் வளைத்தது என்று பிறகு நிரூபிக்கவும் முடியாது.

மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

கேபினெட்டில் மதர்போர்டு உட்காரும் பித்தளைத் தாங்கிகள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும், கூடுதலாக ஒன்று நின்றால் பின்பக்கம் ஷார்ட் ஆகும். தனியாக வாங்கிய கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்துவிட்டு மாட்டுங்கள். ப்ராசஸருக்கான 4+4 பின் கேபிளும் கார்டுக்கான 6+2 பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வயர் வரிசை வேறு. இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைச் செருகினால் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எரிந்துபோகக்கூடும். ஏஎம்4 கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால், சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

முதல்முறை இயக்கும்போது படம் வரவில்லையென்றால் பதறும் முன் எச்டிஎம்ஐ கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டின் துளையில் இருந்தால் கழற்றி, கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் துளையில் போடுங்கள். ரைசன் 5600ஜி-யோடு கார்டும் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம்: படம் வந்துவிடும், கேமும் ஓடும், கார்டின் முழு பலம் மட்டும் திரைக்கு வந்து சேராது. ஏஎம்5 போர்டு முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் கருப்புத் திரையிலேயே நிற்கும், நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

படம் வந்த பிறகு பயாஸில், ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை இயக்குங்கள், இல்லையென்றால் 3200 ரேம் பல போர்டுகளில் 2400 அல்லது 2666-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே 144 அல்லது 180-க்கு மாற்ற வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மாதக்கணக்கில் 60-இல் ஆடுபவர்கள் நிறைய உண்டு.

கடைசியாக, வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பாருங்கள். ஃப்ரேம் வரம்பு எதுவும் வைக்காமல் 95-க்கு மேல் காட்டினால் தைப்பவர் முழு மூச்சாக வேலை செய்கிறார், பங்கீடு சரி. 60, 70-இல் நின்று ஃப்ரேமும் குறைவாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவே இல்லையென்றால் தடை ப்ராசஸர் பக்கம்தான். உடனே புது ப்ராசஸர் வாங்க ஓடாமல், முதலில் ரேம் இரட்டைச் சேனலில் இருக்கிறதா, எக்ஸ்எம்பி இயங்குகிறதா, ப்ராசஸர் 90 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். இந்தச் சோதனைகளை வாங்கிய முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், பெட்டிகளையும் அதுவரை எறியாமல் வையுங்கள். மாற்றித் தரும் கெடு பல கடைகளில் ஒரு வாரம் பத்து நாள்தான்.